ஓரத்தில் நிற்கும் ஓரெழுத்து



நமது வேதாகமத்தில் 119ஆம் சங்கீதம் 89ஆம் வசனத்திற்கு மேலே ‘லாமேட்’ என்னும் எபிரெய எழுத்தின் பெயரைக் கண்டிருப்பீர்கள். இவ்வாரம் அந்த ஓரெழுத்தைக் குறித்தே உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

இறையியல் கல்லூரியில் எபிரெயம் கற்ற நாட்களில், எபிரெய வேதாகமத்தின் பக்க ஓரங்களில் பொடிப்பொடியாக நின்ற எழுத்துகள் எனக்குப் பெரும் புதிராக இருந்தன. அவை மசோரேத்தியர் என்னும் யூத வேத அறிஞர்கள் வகுத்த சுருக்கக் குறிகள். முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரெய வேதாகமக் கையெழுத்துப் பிரதி 1008ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் எழுதப்பட்டது; அதன் ஓரங்களும் இக்குறிகளால் நிறைந்தவை.

எபிரெய எழுத்துகள் எண்களாகவும் வழங்கும். ஆதியாகமத்தின் முதற்சொல்லுக்கு அருகே ஐந்தைக் குறிக்கும் ‘ஹே’ நிற்கிறது. அச்சொல் அதே வடிவில் ஆதியாகமத்தில் ஒருமுறையும் எரேமியாவில் நான்கு முறையுமாக 5 இடங்களில் வருகிறது என்பது அதன் பொருள். அத்தனை நுட்பமாக எண்ணி வைத்தார்கள்!

ஆனால் அடிக்கடி கண்ணில் படுவது, தலைமேல் புள்ளியிட்ட லாமேட். ‘இல்லை’ எனப் பொருள்படும் அரமேயச் சொல்லின் சுருக்கம் அது. இவ்வடிவம் வேறெங்கும் இல்லை என்று அது அறிவிக்கிறது. பிரதி எடுப்பவர், பழக்கமில்லாத வடிவத்தைக் கண்டதும் பிழையென்று எண்ணி, வழக்கமான வடிவத்திற்கு மாற்றிவிடக்கூடும். அந்தக் கையைத் தடுப்பதற்காகவே லாமேட் அங்கே காவல் நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், பேச்சுத் திக்கும் வாலிபன் ஒருவன் ஆராதனையில் வேதபாடம் வாசிக்க முன்வந்தான். (அவன் அனுமதியோடு இதை எழுதுகிறேன்.) வாசிப்பு நீண்டது, சிலர் முகம் சுளித்தனர். அடுத்த மாத வாசகர் பட்டியலில் நான் அவன் பெயரைச் சேர்க்கவில்லை. ஆராதனை ஒழுங்குக்காக என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் காரணம் கேட்கவில்லை. கடைசி வரிசையில் போய் அமரத் தொடங்கினான்.

ஓரிரவு பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்கையில், பக்க ஓரத்தில் அந்த லாமேட்டைக் கண்டேன். அன்று மேற்கொண்டு ஒரு வரியும் எழுத இயலவில்லை. வேதத்தின் ஒரு சொல்லை மாற்ற அஞ்சுகிற நான், தேவன் உண்டாக்கிய ஒரு மனிதனைப் பிழையென்று நீக்கியிருந்தேன். மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

“நான் மெதுவாத்தான் வாசிப்பேன், ஐயா” என்றான்.

“மெதுவாவே வாசி, தம்பி” என்றேன்.

நாவு மந்தமான மோசேயைத் தேவன் விலக்கிவிடவில்லை. துணைக்கு ஆரோனைக் கொடுத்து அவனையே அனுப்பினார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ நம் சபையிலோ யாரையாவது மற்றவர்களைப்போல் ஆக்கிவிடத் துடிக்கிறீர்களா? பாவத்தைக் கண்டித்துத் திருத்துவது நம் கடமை. ஆனால் வித்தியாசம் பாவமன்று. திருத்தக் கையெடுக்குமுன், ஓரத்தில் தேவன் ஒரு லாமேட் இட்டிருக்கிறாரா என்று ஜெபத்தோடு பாருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.