கோச்சி நேரம்

நான் வேலை செய்கிற சாப்பாட்டுக்கடைக்கு வெளி ஓடர்களும் வரும். கலியாணம், பிறந்தநாள் தவிர, எடிசன், ஐஸ்லின் பக்கத்து ஹோட்டல்களில் நடக்கிற கொன்பரன்சுகளுக்கும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவோம். பல்வைத்தியர்கள், கணக்காளர்கள், மருந்துக் கொம்பனிக்காரர் என்று எத்தனையோ கூட்டங்களுக்குச் சோறு போட்டாயிற்று. போன வருடம் வந்தது ரயில்வேக்காரரின் கூட்டம்.

மற்றக் கூட்டங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கழுத்தில் அட்டை, கையில் கொம்பனிப் பெயர் போட்ட பை, பைக்குள் இலவசப் பேனை. மருந்துக்காரர் மாத்திரை வைக்கிற மேசையில் இவர்கள் ஒரு துண்டுத் தண்டவாளத்தையும் அதை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளிப்புகளையும் வைத்திருந்தார்கள். நான் பிரியாணி ட்ரேயைச் சூடாக்கி வைத்துவிட்டு அந்தத் தண்டவாளத் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேடையில் ஒருவர், ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் விட்டாலும் ரயிலைத் தானாகவே நிறுத்துகிற கருவியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். 2008ம் ஆண்டு செப்டெம்பரில் கலிபோர்னியாவின் சற்ஸ்வேர்த்தில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் நேருக்கு நேர் மோதி 25 பேர் செத்தபிறகு, இந்தக் கருவி கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். 2015 கடைசிக்குள் பூட்டவேண்டும் என்றார்கள். அது 2018 ஆகி, பிறகு 2020 ஆகி, அந்த வருடக் கடைசியில்தான் முடிந்தது. பன்னிரண்டு வருடம்! அதற்குள் இப்படி எத்தனை மண்டபங்களில் எத்தனை மத்தியானச் சாப்பாடு நடந்திருக்கும் என்று என் மனம் தொழில் புத்தியில் கணக்குப் போட்டது.

தயிர்சாதம் எடுக்க வந்த ஒரு தம்பி என் தமிழைக் கேட்டுவிட்டு நின்றார். திருச்சி, பொன்மலைக்காரர். சிக்னல் என்ஜினியர்.

"அண்ணா சிலோனா? ஒரு விஷயம் தெரியுமா? இந்த ஊர்ல டைம் ஸோன் எல்லாம் இதே மாதிரி ஒரு ரயில்வே மீட்டிங்லதான் முடிவாச்சாம். கவர்மெண்ட் இல்ல. காலைல ஒருத்தர் ஸ்லைடு போட்டுக் காமிச்சாரு."

அவர் தயிர்சாதத்தோடு போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை. நேரம் என்றால் எனக்கு ஒரு தீராத கணக்கு உண்டு. அடுத்த இரண்டு கிழமையும் லீவு நாளில் நூலகத்தில் கிடந்து வாசித்தேன்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு ஊருக்கும் அதன் சூரியன்தான் மணிக்கூடு. தலைக்கு மேல் சூரியன் வந்தால் பன்னிரண்டு மணி. மாட்டுவண்டிக்கு அது போதும், ரயிலுக்குப் போதாது. ஒவ்வொரு ரயில் கொம்பனியும் தன் தலைமையகம் இருக்கிற ஊரின் நேரத்தில் ஓடியது. இப்படி ஏறத்தாழ 50 ரயில் நேரங்கள். பஃபலோ ஸ்ரேசனில் மூன்று மணிக்கூடு மூன்று நேரம் காட்டிக்கொண்டு தொங்கியதாம். (பஃபலோ எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஊர். கனடாவுக்குள் போக நாள் பார்த்துக்கொண்டு அங்கே காத்திருந்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். அந்த ஊரில் நேரம் எப்படி நகரும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) இது வெறும் பகிடி அல்ல. 1853ம் ஆண்டு ரோட் ஐலண்டில் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் மோதி 14 பேர் செத்தார்கள். காரணம், ஒரு ரயில்காரரின் மணிக்கூடு பிந்தியிருந்தது.

ரயில் கொம்பனிகளின் அதிகாரிகள் 1872ம் ஆண்டிலிருந்து கூடத் தொடங்கினார்கள். முதலில் கோடைகால அட்டவணை போடுவதற்கான கூட்டம். பிறகு அதுவே பொது நேர மாநாடு என்று பெயர் எடுத்தது. அதன் செயலாளர் வில்லியம் பிரெடெரிக் அலன். எங்கள் நியூ ஜேர்சிக்காரர்! போர்டன்டவுனில் 1846ம் ஆண்டு பிறந்து, பிறகு சவுத் ஒரேஞ்சில் குடியிருந்தவர். போர்டன்டவுனுக்கு ரயில் வாசம் பழசு. இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாக வந்த 'ஜோன் புல்' என்ஜினை 1831ம் ஆண்டு பூட்டியது அங்கேதான். ட்ரென்டனிலிருந்து ரிவர் லைன் பிடித்து ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அமைதியான சின்ன ஊர்.

அலன் எல்லா ரயில் நேரங்களையும் ஒரே புத்தகமாக அச்சிடுகிற வழிகாட்டியின் ஆசிரியர். ஆகவே அந்தக் குழப்பம் முழுவதும் அவருடைய மேசையில்தான் வந்து குவிந்தது. 1883ம் ஆண்டு ஏப்ரலில் சென்ற் லூயிஸ் கூட்டத்தில் இரண்டு வரைபடங்களை விரித்தார். ஒன்றில் இருக்கிற நேரங்கள், நிறத்துக்கு மேல் நிறமாகக் கொட்டியதுபோல. மற்றதில் அவர் சொல்கிற நேரங்கள், ஐந்தே நிறம். அதோடு விடவில்லை. கொம்பனி கொம்பனியாகக் கடிதம் எழுதினார், வானாய்வு நிலையங்களுக்கு எழுதினார், மாட்டேன் என்றவர்களுக்குத் திரும்பவும் எழுதினார். அக்டோபர் 11ம் திகதி சிக்காகோவின் கிராண்ட் பசிபிக் ஹோட்டலில் வாக்கெடுப்பு.

அந்த வாக்கெடுப்பை நான் மூன்று முறை வாசித்தேன். ஆளுக்கொரு வாக்கு இல்லை. வாக்கை மைலில் எண்ணியிருக்கிறார்கள்! எந்தக் கொம்பனியிடம் எத்தனை மைல் தண்டவாளமோ அத்தனை வாக்கு. ஆதரவு ஏறத்தாழ 78,000 மைல். எதிர்ப்பு 1,700 மைலுக்குச் சற்று மேல். தண்டவாளம் இல்லாதவனுக்கு வாக்கும் இல்லை. அன்றைக்கு அந்த ஹோட்டலில் கோப்பை கழுவியவன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனான், எந்த ஊர் நேரத்தில் போனான் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை மாற்றினார்கள். புதிய கிழக்கு நேரத்துக்கு அளவு 75வது பாகை. அது எங்கள் மாநிலத்தின் தெற்கை வெட்டிக்கொண்டுதான் போகிறது. நியூயோர்க்கில் வித்தியாசம் நான்கு நிமிடம். பழைய பன்னிரண்டுக்கு ஒரு தேவாலய மணி அடித்து ஓய, நான்கு நிமிடம் கழித்துப் புதிய பன்னிரண்டுக்கு மற்ற மணி அடித்ததை அலன் ஒரு கட்டடத்தின் கூரையில் நின்று கேட்டிருக்கிறார். எதிர்த்த ஊர்களும் உண்டு. டிட்ரொயிற் 1905 வரை சூரிய நேரத்தை விடவில்லை. இதற்கெல்லாம் காங்கிரஸ் சட்டம் போட்டது எப்போது என்று நினைக்கிறீர்கள்? 1918ம் ஆண்டு. முப்பத்தைந்து வருடம் ஒரு நாடு முழுவதும் ஒரு ஹோட்டல் மண்டபத் தீர்மானத்தில் எழும்பிப் படுத்திருக்கிறது.

நிற்க. இனி என் கணக்குக்கு வருகிறேன்.

என் அப்பா ரயில்வேக்காரர். பரந்தனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஸ்ரேசனில் மாஸ்டராக இருந்தார். 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இரு தரப்பின் பங்கர்களுக்கும் கூரையாய்ப் போயின. ஸ்ரேசன் போய்விட்டது, ஆனால் அப்பாவின் கைமணிக்கூடு நிற்கவில்லை. ரேடியோவின் நேர ஒலிக்கு ஒவ்வொரு நாளும் சரிபார்ப்பார். வராத கோச்சிக்கு ஏன் இந்த மனுசன் மணி பார்க்கிறது என்று அம்மா புறுபுறுப்பா.

1996 ஏப்ரலில் கொடிகாமத்தை விட்டு, கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்குப் போனோம். எனக்குப் பதினேழு வயது. போய் ஒரு மாதத்தில், மே 25ம் திகதி, அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. மின்சாரத்தைச் சேமிக்கவாம். மின்சாரம் எங்களுக்கு 1990 ஓடு போன சாமான், ஜாம் போத்தல் விளக்கில் எதைச் சேமிப்பது? இயக்கம் நேரத்தை மாற்றவில்லை. அக்டோபரில் அரசாங்கம் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணி அப்படியே நின்றது. பத்து வருடம் அந்தச் சின்னத் தீவில் இரண்டு நேரம்: பழைய நேரம், புதிய நேரம். ஆரும் மணி சொன்னால் "எந்த நேரத்துக்கு?" என்று திருப்பிக் கேட்பது எங்களுக்குப் பழக்கமாயிற்று. சனம் அப்பாவிடம் வந்து கேட்கும்: "மாஸ்டர், கொழும்பு நேரத்துக்கு இப்ப என்ன மணி?"

2002ம் ஆண்டு பாதை திறந்தது. நான் யாழ்ப்பாணம் போய்ப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கத் தொடங்கினேன். (முடிக்கவில்லை. அது வேறு கதை.) அடுத்த வருடம் அம்மாவுக்கு இதய வால்வில் பிழை என்று கொழும்பில் கிளினிக் திகதி கிடைத்தது. புதுக்குடியிருப்பிலிருந்து வானில் போய், சோதனைச்சாவடி தாண்டி, வவுனியாவில் இரவுத் தபால் கோச்சி பிடித்தால் விடிய கொழும்பு. நானும் கூடப் போனேன்.

வான்காரர் "ஒரு மணிக்கு வெளிக்கிடுறது" என்றார். எந்த ஒரு மணி என்று சொல்லவில்லை. அவருக்கு ஒரு நேரம்தான் தெரியும். வழியில் ரயர் ஒன்றும் காற்றுப் போனது. அப்பா பின்சீற்றிலிருந்து, "தம்பி, அங்கால அரை மணி கூட. கொஞ்சம் மிதியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "பயப்பிடாதேங்கோ ஐயா, ஐஞ்சுக்கு முதல் போயிடலாம்." சொன்னபடி போய்ச் சேர்ந்தோம். எங்கள் மணிக்கூட்டில் ஐந்துக்குப் பத்து. அங்கே ஐந்து இருபது. பாதை மூடியாயிற்று.

றோட்டோரம் பாய் விரித்துப் படுத்தோம். அம்மா மரத்தில் சாய்ந்தபடி இருந்தா, படுத்தால் மூச்சு முட்டும். அடுத்தநாள் காலை தாண்டினபோது கோச்சியும் போய்விட்டது, கிளினிக் திகதியும் போய்விட்டது. மூன்று மாதம் கழித்துப் புதுத் திகதி தந்தார்கள். ஏழாவது கிழமை அம்மா செத்துப்போனா.

அரை மணித்தியாலத்தால்தான் செத்தா என்று நான் சொல்லவில்லை. எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்குப் போயிருந்தாலும் ஒப்பரேசனுக்கு வருசக்கணக்கில் காத்திருக்க வைத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அப்பா தன் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளினார். சுவர் மணிக்கூட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வன்னிக்குள் தனியொரு மனுசராகக் கொழும்பு நேரத்தில் எழும்பி, சாப்பிட்டு, படுத்தார். ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

2006 ஏப்ரல் 15ம் திகதி அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. இரண்டு மணிக்கூடும் ஒன்றாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் சண்டை தொடங்கிப் பாதையை மூடினார்கள்.

அலனை நான் முதலில் கோபத்தோடுதான் வாசித்தேன். மைலுக்கு வாக்குப் போட்டவர்கள் ஊர்ச்சனத்தின் மத்தியானத்தை எப்படி நகர்த்தலாம்? ஆனால் வாசிக்க வாசிக்கக் கோபம் மாறியது. அந்த மனுசன் ஆருடைய மணிக்கூட்டையும் கூடுதலாக அசைக்கக்கூடாது என்று பாகை பாகையாகக் கணக்குப் பார்த்திருக்கிறார். மாட்டேன் என்றவனுக்கு மறுபடி கடிதம் எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் நேரத்தை மாற்றியது கோச்சி வந்து சேருவதற்காக. மாற்றிய அடுத்தநாளும் கோச்சி வந்தது, சனம் மணிக்கூட்டைத் திருத்திக்கொண்டது. இந்தியாவிலும் ரயில்கள் முன்பு மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின, 1906ம் ஆண்டு பொது நேரம் வந்தது. கல்கத்தா முறைத்துக்கொண்டு தன் நேரத்தை 1948 வரை வைத்திருந்தது. அங்கேயும் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எங்களுக்கு நேரம் வைத்த இரண்டு தரப்பிடமும் எங்கள் பக்கத்துக்குக் கோச்சி இல்லை. ஒருவர் மாற்றினார், மற்றவர் அவர் மாற்றினார் என்பதற்காகவே மாற்றவில்லை. மணிக்கூட்டைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்தார்கள். 2002க்குப் பிறகு எத்தனை நாட்டு ஹோட்டல்களில் மேசை போட்டுப் பேசினார்கள்! அந்த அரை மணித்தியாலத்தை ஒருவராவது மேசையில் வைத்தாரா? நான் தேடியவரையில் காணவில்லை. சிக்னல்காரர் நாலுபேரை அங்கே விட்டிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் தீர்த்திருப்பார்கள்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. 2009 முள்வேலியையும் தாண்டி, கொடிகாமத்துக்கே திரும்பி வந்து இருக்கிறார். 2014 அக்டோபர் 13ம் திகதி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பக் கோச்சி வந்தது. வீட்டிலிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியும். எங்களுக்கும் ஊருக்கும் கோடையில் ஒன்பதரை, மாரியில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். மார்ச்சிலும் நவம்பரிலும் இங்கே எந்த ஞாயிறு மாற்றுகிறார்கள் என்பதை நான் சொல்லாமலே தெரிந்து வைத்திருப்பார். போன் எடுத்தால் முதல் கேள்வி, "உனக்கு இப்ப இரவு பத்தேகால், என்ன?"

ஒரு சீ.ஆர். கொப்பியில் மூன்று கோடு கீறி, திகதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம் என்று ஒவ்வொரு நாளும் எழுதுகிறார். அந்த ரயில்வேக்கார மாநாட்டைப் பற்றியும் அலனைப் பற்றியும் போன கிழமை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மைல் வாக்குக்கு மட்டும் சிரித்தார்.

"இண்டைக்கு நாப்பத்திரண்டு நிமிசம் லேற்" என்றார். "பளையில மறிச்சிருப்பாங்கள். தம்பி, கொப்பி முடியப்போகுது. அங்கயிருந்து ஆரும் வந்தால் ஒண்டு குடுத்துவிடு. இஞ்சத்தைத் தாளில மை ஊறுது."