காதால் பார்க்கும் கங்கைவாசி

பாகல்பூரின் பராரி படித்துறையில் விடிந்த சற்று நேரத்திலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள், பூஜைக்குச் செம்பில் நீர் மொள்ளுபவர்கள். கங்கை இங்கே பால் அதிகம் விட்ட டீயின் நிறம். முழங்கைவரை கையை நீருக்குள் விட்டால் விரல்கள் தெரியாது. திடீரென்று அந்தக் கலங்கலைப் பிளந்துகொண்டு சாம்பல் நிற முதுகு ஒன்றும், குறடு போல நீண்ட மூக்கும் மேலே வருகின்றன. 'ஸூ...ஸ்' என்று ஒரு பெருமூச்சு. அடுத்த கணம் நீரில் வட்டங்கள் மட்டுமே மிச்சம். குளிப்பவர்களில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு 'சோன்ஸ்' பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. மூச்சு விடும் ஓசையே பெயராகிவிட்டது என்பார்கள்.

தமிழகக் கடலோரத்தில் ஓங்கில் என்று அழைக்கப்படும் டால்பினின் நன்னீர் உறவு இது. ஆனால் ஓங்கிலுக்கு இருக்கும் கூர்மையான பார்வை இதற்கு இல்லை. குண்டூசித் துளை அளவே உள்ள கண்ணில் லென்சே கிடையாது. வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிய முடிந்தால் பெரிது. சேற்றாற்றில் கண்ணுக்கு வேலை இல்லை, இயற்கை அதைக் கைவிட்டுவிட்டது. பதிலுக்குக் கொடுத்திருப்பது காது.

சோன்ஸ் அநேகமாக ஓயாமல் 'கிளிக்' ஒலிகளை எழுப்பிக்கொண்டே நீந்துகிறது. மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஸ்தாயி. மீன் மீதும் பாறை மீதும் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்து எது இரை, எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறது. நீந்தும் விதமும் விசித்திரம்தான். 1968இல் சிந்து நதியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ மீன்காட்சியகத்துக்குக் கொண்டுபோகப்பட்ட இதன் சகோதர இனம், ஒருக்களித்துப் படுத்தபடி ஒரு துடுப்பால் தரையைத் தடவிக்கொண்டே நீந்துவதைப் பார்த்து விஞ்ஞானிகள் அசந்துபோனார்கள். இருட்டறையில் சுவரைத் தடவி நடப்பவனைப் போல.

இந்த அபூர்வக் காதையும் ஏமாற்றுவது மெல்லிய நைலான் வலை. அதில் சிக்கும் சோன்ஸ் மேலே வந்து மூச்சு விட முடியாமல் செத்துப்போகிறது. மீனவருக்கும் இதில் லாபமில்லை. வலை கிழியும், சட்டம் துரத்தும். ஒரு காலத்தில் இதன் எண்ணெயை ஆற்றில் தெளித்து மீன்களை இழுத்தார்கள். அதற்கு மாற்றாக மீன் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயே போதும் என்று பரிசோதித்துக் காட்டியவர் பாட்னாவின் ஆர்.கே. சின்ஹா. 'டால்பின் மனிதர்' என்று பெயரெடுத்து 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையிலான ஆற்றுப் பகுதி 1991இல் விக்ரமசீலா டால்பின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதே நீர்ப்பரப்பில்தான் தலைமுறை தலைமுறையாக 'நீர் ஜமீன்தார்'கள் மீனவரிடம் வரி வசூலித்து வந்தார்கள். 1982இல் கஹல்காவில் தொடங்கிய 'கங்கா முக்தி ஆந்தோலன்' அதை எதிர்த்துப் போராடி, 1991இல்தான் வென்றது. ஆறு மீனவருக்குக் கிடைத்ததும் சோன்ஸுக்கு ஒதுக்கப்பட்டதும் ஒரே ஆண்டில். இரு தரப்புக்கும் வேண்டியது ஒரே மீன். அந்த மீனோ, 1975இல் ஃபராக்கா அணை வந்ததிலிருந்து குறைந்துகொண்டே போகிறது. கடலிலிருந்து ஏறி வந்த ஹில்சா இந்தப் பக்கம் அநேகமாக மறந்துபோன விருந்தாளி.

இப்போது மூன்றாவதாக ஓர் ஆள் வந்திருக்கிறார்: கப்பல். ஹால்டியாவிலிருந்து அலகாபாத் வரையிலான 1,620 கிலோமீட்டர் முதலாம் எண் தேசிய நீர்வழி இந்தச் சரணாலயத்தின் நடுவேதான் போகிறது. 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து புறப்பட்ட 'கங்கா விலாஸ்' சொகுசுக் கப்பலும் இந்த வழியாகத்தான் திப்ருகர் போனது. எஞ்சின் இரைச்சல் நமக்குத் தொந்தரவு, அவ்வளவுதான். எதிரொலியை நம்பி வாழும் பிராணிக்கு அது கண்ணில் மண் தூவுவது போல. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, இரைச்சல் கூடும்போது சோன்ஸ் தன் ஒலிகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, நீர் வற்றும் மாதங்களில் அதனால் உடல் சக்தி விரயமாகிறது என்று சொன்னது. சுல்தான்கஞ்சில் கட்டப்பட்டு வந்த பாலமோ 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டுகளும் தவறாமல் ஆற்றுக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் கீழே எப்படிக் கேட்டதோ!

2009இல் தேசிய நீர்வாழ் விலங்கு என்ற பட்டம் கிடைத்தது. 2025இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள ஆற்று டால்பின்கள் 6,327. அவற்றில் மூன்று மட்டும் பஞ்சாபில் பியாஸ் நதியில் வாழும் சிந்து இனம்.

கஹல்காவில் ஆற்றின் நடுவே மூன்று பாறைக் குன்றுகள் நிற்கின்றன. நீரோட்டம் அவற்றில் மோதிச் சுழித்து ஆழமான மடுக்களை உண்டாக்குகிறது. மீன் ஒதுங்கும் இடம். கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சாயங்காலம் படகுக்காரர்கள் இங்கே வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பு போடுகிறார்கள். சற்று நேரம் துடுப்பிலிருந்து சொட்டும் நீர் மட்டும் கேட்கிறது. அப்புறம் படகின் இடப்பக்கம் ஒரு மூச்சு. இன்னும் சற்றுத் தள்ளி, குட்டியுடையது போல, சின்னதாக இன்னொன்று.