பாய் இருந்தும் மரம்

ஒற்றைப் பாய்மரச் சிறு படகுகளுக்கு மேலைநாட்டுக் கடலோடிகள் வழங்கும் பெயர்களில் பல, பாயைப் பார்த்துப் பிரிப்பவை. பாய்மரத்துக்கு முன்னால் ஒரே ஒரு முன்பாய் இருந்தால் ஸ்லூப், இரண்டு இருந்தால் கட்டர். பாய்மரத்தைப் படகின் மூக்கருகே நட்டு, முன்பாயே இல்லாமல் ஓட்டினால் கேட்போட். பின்னால் இன்னொரு சிறு பாய்மரம் வந்துவிட்டாலோ கெட்ச், யால் என்று இனமே மாறிவிடும். படகின் உடம்பை எப்படிச் செய்தார்கள் என்பது இந்தப் பெயர்களுக்குப் பொருட்டில்லை. சோழமண்டலக் கரையில் கணக்கு வேறு. கட்டுமரத்திலும் முக்கோணப் பாய் உண்டு, பாய்மரம் உண்டு. ஆனால் பெயர் சொல்வது மரத்தையும் அதைக் கட்டியதையும்தான். கடற்கரையில் அதுவும் சுருங்கி வெறும் 'மரம்' ஆகிவிடும். கோலா மீனுக்காக ஆழக்கடல் போன பெரிய கட்டுமரத்துக்கு இரண்டு பாய் இருந்தது. மேலைநாடாக இருந்தால் அந்த இரண்டாவது பாய்க்கே புதுப் பெயர் பிறந்திருக்கும். இங்கே மீனின் பெயரைச் சேர்த்துக் 'கோலா மரம்' என்றதோடு சரி.

பாயோட்டும் கலை இங்கே அவ்வளவு வளரவில்லை, அதனால்தான் பெயரில் பாய் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். அது நிற்காது. பாயைத் தாங்கும் சாய்கழிக்குப் பருமல் என்றும், பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்றும் சொல் இருக்கிறது. காற்றுக்கோ வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர். விடியுமுன் கரைக்காற்றில் போய், பகலில் எழும் கடல்காற்றில் திரும்புவது என்று நாளையே காற்றை வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் இவர்கள். பருத்திப் பாயின் மேல் கடல்நீரை இறைத்து நனைத்தால் நூலிடுக்கு அடைபட்டுக் காற்று ஒழுகாது என்று தெரிந்துவைத்திருந்தவர்களுக்குப் பாயைப் பற்றிச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்பது நம்பும்படியாக இல்லை. சொல் இருந்தது. படகை அடையாளம் காண அது பயன்படவில்லை, அவ்வளவுதான்.

காரணம் காற்றில் இல்லை, கரையில் இருக்கிறது என்பது என் எண்ணம். சோழமண்டலக் கரையில் பெரும்பகுதி திறந்த மணல். ஒதுங்க இயற்கைத் துறைமுகம் அரிது. சென்னையிலேயே துறைமுக வேலை தொடங்கியது 1870களில்தான். கட்டிக்கொண்டிருந்ததையும் 1881 புயல் உடைத்துப் போட்டது. அதுவரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் மசூலா படகுகள்தான் அலையைக் கடந்து கரைசேர்த்தன. ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கி மணலில் அறைந்தால் விறைத்து நின்று உடையாமல் நெளிந்து கொடுக்கும். கட்டுமரம் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. கனமில்லாத மரங்களை அருகருகே வைத்து, முன்னும் பின்னும் குறுக்காகக் கயிறு வரிந்து கட்டினால், அலை மேலே ஏறி விழுந்தாலும் தண்ணீர் இடுக்கு வழியாக வந்த வேகத்தில் வடிந்துவிடும். இறைத்துக் கொட்ட வேண்டியதில்லை, மூழ்கடிக்க உள்வயிறும் இல்லை. கரையேறியதும் கட்டைப் பிரித்து மரங்களைத் தனித்தனியே காயவைக்கலாம். ஊறிய மரம் கனக்கும் என்பதால் இதைச் செய்தே ஆகவேண்டும். இந்த வரிசையில் பாயின் இடம் எது? அலை உடையும் இடம் வருமுன் இறக்கிச் சுருட்டிக் கட்டப்படும் பொருள், அவ்வளவே. அந்தக் கடைசிச் சில நூறு அடியில் உயிரைக் காப்பது துடுப்பும் உடம்பின் கட்டுமானமும். அங்கே எது காப்பாற்றியதோ அதன் பெயரைப் படகுக்கு வைத்தார்கள்.

பழைய தமிழில் கலம், வங்கம், நாவாய் எல்லாம் இருந்தனவே, சாதவாகனர் காசில் இரண்டு பாய்மரக் கப்பல் இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவை கொற்கை, புகார், அரிக்கமேடு போன்ற ஆற்றுமுகத் துறைகளின் உலகம். மணலில் மோதி ஏற வேண்டிய அவசியம் அந்தக் கப்பல்களுக்கு இல்லை. இதைவிடக் கடினமான எதிர்வாதம் பாக் நீரிணை. அங்கே அலை அடங்கிய ஆழமில்லாத கடல். பாய் விரித்த வத்தைகள் சாய்ந்து கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் நீண்ட பலகையை வெளியே நீட்டி அதன்மேல் ஆள் ஏறி நிற்பார்களாம். அலை இல்லாத இடத்தில் பாயின் சூட்சுமம் இந்த அளவுக்கு வளர்ந்தது என் வாதத்துக்குச் சாதகம்தான். ஆனால் வத்தை என்ற பெயரில் பாய் இல்லை என்பதையும் மறைக்க முடியாது. தூத்துக்குடித் தோணியும் அப்படியே: கொழும்புக்குப் பாய் விரித்துச் சரக்கேற்றிப் போன கலம், பெயரில் பாயின் சாயல்கூட இல்லை. ஆக, கரையும் அலையும் எல்லாப் பெயரையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. திறந்த மணற்கரையின் சிறு படகுகள் வரை அது செல்லும்.

பாய் போன பிறகு நடந்ததும் அந்த எல்லைக்குள் பொருந்துகிறது. 1980களில் வெளிப்பொருத்து எஞ்சின்கள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன. எஞ்சின்தான் பெரிய புதுமை, பெயரோ 'ஃபைபர்'. உடம்பு எதனால் ஆனது என்பதே மறுபடியும் பெயராகியிருக்கிறது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் துறைமுகத்தில் கட்டிவைக்கும் பெரிய படகுகளுக்கு மட்டும் 'விசைப்படகு' என்ற பெயர் நிலைத்தது. ஃபைபரும் விசையால்தான் ஓடுகிறது, ஆனாலும் யாரும் அதை விசைப்படகு என்பதில்லை. மணலில் ஏறும் படகுக்கு உடம்பின் பெயர், துறைமுகத்தில் நிற்கும் படகுக்கு ஓட்டும் சக்தியின் பெயர். மீன்வளத்துறைப் படிவங்களில் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு என்று வேறு ஒரு பெயர் உண்டு. அதைக் கரையில் சொல்லிக் கூப்பிடுவார் யாருமில்லை.