வஜ்ரன் பறந்தால் படகுக்காரன் என்ன செய்வான்?

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் பிரிவு

சூப்பர் ஹீரோ என்றதும் உங்களுக்கு ஸ்பைடர்மேனும் பேட்மேனும் ஞாபகம் வரலாம். உங்கள் அப்பாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள், முதலில் சொல்லும் பெயர் இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான். (பிறந்தது என்னவோ இங்கிலாந்தில், 1962-ல், ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில்.) உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பாய்ந்த மின்சாரம் தீர்ந்தால் உருவம் திரும்ப வந்துவிடும்.

எலெக்ட்ரிகல் படிக்கிறவன் கண்ணால் பார்த்தால் எத்தனையோ கேள்வி கேட்கலாம். அதை விடுங்கள். சக்தியும் அதற்கான ஓட்டையும் ஒரே இடத்தில் இருக்கிறது பாருங்கள், அதுதான் சூட்சுமம். ஆள் மறைந்தபிறகும் நமக்குப் பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறது. கை தெரியுதே! கரண்ட் தீர்ந்துடுமே!

இதை நான் யோசிக்க ஆரம்பித்தது காமிக்ஸால் அல்ல, ஒரு சண்டையால். எங்கள் ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை இரவு மெஸ் முடிந்ததும் நாலு பேர் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். ஒருவன் கதை நடத்துவான் (அது நான்). மற்ற மூவரும் ஆளுக்கொரு ஹீரோ. “கால்வாயில் ஒரு படகு வருது, விளக்கு அணைஞ்சிருக்கு, என்ன பண்றீங்க?” என்று கேட்பேன். அவரவர் ஹீரோ என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் 3 டைஸ் உருட்டுவோம். கூட்டுத்தொகை 11 அல்லது அதற்குக் கீழே வந்தால் வெற்றி. கணக்குப் போட்டால் 216-க்கு 135, அதாவது 62.5 சதவீதம். விதிகளை 1981-ல் அமெரிக்காவில் வந்த ‘சாம்பியன்ஸ்’ என்ற விளையாட்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். கதை நடக்கும் இடம் மட்டும் நம்ம பிச்சாவரம்.

மெக்கானிக்கல் நண்பனின் ஹீரோ வஜ்ரன். பறப்பான், குண்டு துளைக்காது, லாரியைத் தூக்குவான். எங்கள் பிரிவுக்காரனின் ஹீரோ மாயாவியின் ஒன்றுவிட்ட தம்பி. ஷாக் அடித்தால் மறைவான். சதுப்பு நிலத்தில் பிளக் பாயின்டுக்கு எங்கே போவது என்று கேட்டால் “12 வோல்ட் பேட்டரி கொண்டு போவேன்” என்றான். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது, இன்வெர்ட்டரும் சுமக்கணும் என்று முதலாம் ஆண்டுப் பையன்கூட சொல்லிவிட்டான். மூன்றாமவன் சிவில், ஊர் கிள்ளை. அவன் ஹீரோ சாதாரணப் படகுக்காரன். நீருக்கடியில் 10 நிமிடம் மூச்சடக்குவான், தண்ணீரின் போக்கு தெரியும். அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் ஆட்டம் ஒரே ஆளுடையது ஆகிவிட்டது. கடத்தல்காரன் எங்கே என்றால் வஜ்ரன் மேலே பறந்து பார்ப்பான். சுட்டால் மார்பைக் காட்டுவான். தப்பித்தால் படகோடு தூக்குவான். கிள்ளைக்காரன் அதிகம் பேசாதவன். நாலாவது வாரம் டைஸை மெதுவாகக் கீழே வைத்தான். “நான் எதுக்குடா உக்காந்திருக்கேன்? நீங்க ஆடுங்க, நான் போய்ப் படுக்குறேன்” என்றான். முதலாம் ஆண்டில் வீட்டு நினைப்பில் அழுதுகொண்டிருந்த ஆள் அவன். எங்களோடு ஒட்டியதே இந்த வெள்ளிக்கிழமைகளால்தான்.

வஜ்ரனின் சக்தியைப் பாதியாக வெட்டு என்றார்கள். மெக்கானிக்கலுக்குக் கோபம். “ரூல்ல இருந்ததைத்தானே எடுத்தேன்? நான் என்ன திருடினேனா?” அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது.

சக்தி அதிகம் என்பது மட்டும் குற்றமே இல்லை. 1975-ல் ‘இதயக்கனி’யில் இதே பிச்சாவரத்துக் கால்வாய்களில் எம்.ஜி.ஆர். வந்தாரே, அவர் தோற்பார் என்று யாராவது டிக்கெட் எடுத்தார்களா? சினிமாவுக்கு ஒரு நாயகன் போதும். மேசையைச் சுற்றி மூன்று நாயகர்கள் உட்கார்ந்தால்தான் தகராறு. சமன் செய்ய வேண்டியது ஹீரோவையும் வில்லனையும் அல்ல, உட்கார்ந்திருக்கும் மூன்று பேரை.

நம்ம பெரியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். கம்பராமாயணத்து வாலியைப் பாருங்கள். எதிரே வந்து மோதுகிறவனின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். எந்த விளையாட்டிலும் இப்படி ஒரு சக்தியை அனுமதிக்கவே மாட்டார்கள். ஆனால் அந்த வரத்தை யாரும் பிடுங்கவில்லை. மறைந்து நின்று அம்பு விட்டார்கள். (அது சரியா தப்பா என்று பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை.) அனுமனுக்கு வேறு ஏற்பாடு. பலம் இருப்பது அவனுக்கே மறந்துவிடும், ஜாம்பவான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதாவது பலசாலிக்கும் பக்கத்தில் ஒரு ஆள் தேவை.

சாம்பியன்ஸில் ஒவ்வொரு சக்திக்கும் விலை உண்டு. சக்தியோடு ஒரு தடையைச் சேர்த்துக்கொண்டால் விலை குறையும். 60 புள்ளிச் சக்தி, பாதிப் பயன் போகும் அளவுக்குத் தடை இருந்தால் 30 புள்ளிக்குக் கிடைக்கும். தடுக்காத தடைக்குத் தள்ளுபடி கிடையாது என்றும் விதி. வஜ்ரனின் தாளை எடுத்துப் பார்த்தேன். ‘அமாவாசை நள்ளிரவில் சக்தி வேலை செய்யாது’ என்று எழுதி 20 புள்ளி மிச்சம் பிடித்திருந்தான். எங்கள் கதையில் அதுவரை அமாவாசையே வந்ததில்லை!

அடுத்த வாரம் சக்தி எதையும் வெட்டவில்லை. “இன்னிக்கு அமாவாசை, மணி பதினொன்னரை” என்று ஆரம்பித்தேன். மெக்கானிக்கல் முகம் மாறியது. கிள்ளைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அமாவாசையில் ஏற்றம் பெரிதாக இருக்கும். மற்ற நாளில் தரை தட்டும் வாய்க்காலிலும் சரக்குப் படகு நுழையும், அதனால்தான் அவன்கள் இன்றைக்கு வருகிறான்கள் என்று அவனே சொல்லிவிட்டான். நான் அதுவரை யோசித்தே வைக்காத காரணம் அது. வஜ்ரன் மேலே பறந்தான். கீழே ஒன்றும் தெரியவில்லை. சின்ன வாய்க்கால்களில் சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் கூரை போல மூடியிருக்குமே! இறங்கித் தேடியவன் சேற்றில் முழங்கால்வரை புதைந்தான். “கிளையைப் பிடிக்காதே, அது தில்லை, பால் கண்ணில் பட்டால் பார்வை போயிடும்” என்று படகுக்காரன் கத்தினான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் அந்த மரத்தால் வந்தது என்று படித்திருக்கிறோம். அதன் பாலைப் பற்றி அன்றுதான் எங்களில் இரண்டு பேருக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு மணி. வஜ்ரன் வெறும் மனிதன். துப்பாக்கியோடு இரண்டு படகு. மாயாவித் தம்பியின் பேட்டரி உப்புத்தண்ணீரில். படகுக்காரன் வழி கண்டுபிடிக்க டைஸ் உருட்டினான். 12! ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. வேர்களுக்கு இடையே படகைச் செருகிக்கொண்டு, தண்ணீர் வடியும்வரை மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள். ஒன்றுமே நடக்காத அந்தக் காத்திருப்பை ஒரு மணி நேரம் ஆடினோம். “இப்ப போலாமாடா?” என்று வஜ்ரன் கேட்பான். “இரு, இன்னும் இறங்கலை” என்பான் படகுக்காரன். லாரியைத் தூக்குகிறவன் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தான். வடிந்த பிறகு சரக்குப் படகு இரண்டும் தரை தட்டி நின்றதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இதையே வாராவாரம் செய்தால் வஜ்ரன்காரன் எழுந்து போயிருப்பான், அதுவும் நியாயம். சூப்பர்மேனுக்கு எதிரே நிற்கிறவன் பாக்கெட்டில் எல்லாம் கிரிப்டோனைட் இருந்தால் படிக்கிறவனுக்கே சலிக்கும். அதற்கடுத்த வாரம் கொள்ளிடத்தில் வெள்ளம் வைத்தேன். வஜ்ரன் ஆசை தீர ஒரு பஸ்ஸையே தூக்கி அக்கரையில் வைத்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. கிள்ளைக்காரன்தான் முதலில் கைதட்டினான்.

இப்போது முதலாம் ஆண்டுப் பையனும் சேர்ந்திருக்கிறான். அவன் ஹீரோ காலத்தையே நிறுத்துவானாம். தடை என்ன என்று கேட்டதற்கு, “வாட்ச் கட்டியிருந்தா வேலை செய்யாது அண்ணே” என்று எழுதிக் கொடுத்து 25 புள்ளித் தள்ளுபடி கேட்கிறான். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டால் அப்புறம் அது எப்படிடா தடை என்று மெக்கானிக்கல்தான் அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.