விமானமும் விசைத்தறியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் அந்தக் காற்றை அறியாதவர் நம் கொங்கு நாட்டில் இல்லை. ஆனால் எங்கள் சின்னஞ்சிறு விமானத்தை வீழ்த்தியது அந்தக் காற்று அன்று, நான்தான்.

நண்பர்கள் மூவர் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, ஃபோம் அட்டையை வெட்டி ஒட்டி அதைச் செய்தோம். அதன் வயிற்றுக்குள் ஃப்ளைட் கன்ட்ரோலர் என்னும் சிறு பலகை. விமானம் எப்பக்கம் சாய்கிறது என்பதை அது நொடிக்குப் பல முறை அளக்கும். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அய்லரான் தட்டுகளை அசைத்து நிமிர்த்தும். ஆர்டுபைலட் என்ற மென்பொருளை அதில் ஏற்றினோம். அதை எவரும் இலவசமாகப் பெறலாம்.

ஆனால் எவ்வளவு அசைப்பது? அதை நாம்தான் சொல்ல வேண்டும். இப்போது எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு எவ்வளவு நேரமாகத் தீராமல் நிற்கிறது, எத்தனை விரைவாக மாறுகிறது என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்புத் தருவது என்று குறிக்கும் எண்களே பி, ஐ, டி.

இங்கேதான் நான் ரிக்கார்டு நோட்டுப் புத்தியைக் காட்டினேன். வேறொருவர் விமானத்தின் எண்களை அப்படியே பார்த்து எழுதிவிட்டேன். அது பெரியது, மெல்லப் பறப்பது. எங்களுடையதோ சிறியது, விரைந்து பறப்பது. வேகம் இரு மடங்கானால் தட்டின் மீது காற்றின் விசை நான்கு மடங்காகும். தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன், தாராபுரத்துக்கு அருகே நண்பனின் காட்டில் நின்றபோது மறந்துபோனேன்!

விமானம் அழகாகத்தான் ஏறியது. தானே நிமிரும் நிலைக்குச் சுவிட்சைத் தள்ளினேன். உடனே குளிர்சுரம் கண்டவன்போல இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் வளர்ந்தது. சுவிட்சைத் திரும்பத் தள்ளியிருந்தால் தப்பியிருக்கும். என் விரல் எழவில்லை. சோளத்தட்டுக்குள் தலைகுப்புற விழுந்தது. அதிகப் பணம் போட்ட நண்பன் துண்டுகளைப் பொறுக்கியபடி, "பரவாயில்லடா மாப்ளே" என்றான். அவன் திட்டியிருந்தால் இத்தனை வலித்திராது.

பல்லடத்துப் பக்கம் எங்கள் வீடு. உடைந்த இறக்கையோடு திண்ணையில் அமர்ந்திருந்த என்னை அப்பா பார்த்தார்.

"எதனால உழுந்துது கண்ணு?"

"சாஞ்சா நிமித்தறதுக்கு ரொம்ப வேகமா அடிச்சிருச்சுங்கப்பா. அப்பறம் அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. நம்பர் அதிகம்."

"அட, நம்ம நாடா மாதிரியா!" என்று தறிக்கு அழைத்துப் போனார். நாடாவை வேகமாக அடித்தால் எதிர்ப்பெட்டியில் மோதித் திரும்பி எகிறும். மெதுவாக அடித்தால் போய்ச் சேராமல் நடுவில் நின்று பாவை அறுக்கும். "ஒரு திருகு திருகு, நாலு வெரல் துணி ஓட்டிப் பாரு. ரெண்டு எடத்துல ஒண்ணாக் கை வெச்சா, கெடுத்தது எதுன்னு தெரியாது. பக்கத்துத் தறிக்கு வெச்சத நம்ம தறிக்கு வெச்சா ஆகுமா சாமி?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அப்பா. நான் வாயடைத்து நின்றேன்.

பின்னர் நூலகத்தில் ஒரு செய்தி படித்தேன். இம்மூன்று கேள்விகளையும் கணிதமாக்கி 1922இல் கட்டுரை எழுதியவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைத் தாமாகவே திசை தவறாமல் செலுத்த வழி தேடிய அவர், சுக்கான் பிடிக்கும் மாலுமிகள் கையை எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்தார். அனுபவப்பட்ட கை செய்வதைத்தான் அவர் சமன்பாடாக்கினார். அப்படியானால் இந்தப் பாடத்தின் ஒரு பக்கம் என் வீட்டிலேயே இருந்ததன்றோ!

மீண்டும் இறக்கை ஒட்டினோம். இம்முறை எதையும் பார்த்து எழுதவில்லை. முதலில் எடைச் சமன். அடுத்து, விமானத்தைக் கையில் பிடித்து வலப்புறம் சாய்த்தால் வலத் தட்டு கீழே இறங்குகிறதா என்ற சோதனை. பிறகு கருவியின் உதவியின்றி நேராகப் பறக்கிறதா என்று பார்த்தோம். காற்றடங்கிய தை மாத விடியலில் ஆட்டோடியூன் நிலைக்கு மாற்றினோம். குச்சியை முழு இடம், முழு வலம் என இருபது தடவைக்குக் குறையாமல் சட்டென்று தள்ள வேண்டும். தன் உடம்புக்கு ஏற்ற எண்களை விமானமே கற்றுக்கொள்ளும். பக்கச் சாய்வு முடிந்த பிறகே மூக்கின் ஏற்ற இறக்கம். ஒரு நேரத்தில் ஒன்று! அது கண்டறிந்த பி, நான் பார்த்து எழுதியதில் பாதிகூட இல்லை.

அன்று அப்பாவும் வந்திருந்தார். குச்சியிலிருந்து கையை எடுத்தேன். லேசாகச் சாய்ந்த விமானம் நிமிர்ந்து, நடுங்காமல் நேராகச் சென்றது.

"நாடா பொட்டியில போய் உக்காந்த மாதிரி இருக்குது" என்றார் அப்பா.

நண்பர்களே, அடுத்த முறை ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதப் பேனாவை எடுக்கும்போது, சோளத்தட்டுக்குள் விழுந்த எங்கள் விமானத்தைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள்!