முடிச்சிலே இருக்கு விஷயம்!

ஜனவரி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை டோக்கியோவில் லீவு. வயசுக்கு வந்தோர் தினம். அன்றைக்கு ரயிலில் ஏறினால் இருபது வயதுப் பெண்கள் பட்டு கிமோனோவில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் முதுகைப் பாருங்கள். (தப்பாக நினைக்காதீர்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.) நாலு மீட்டருக்கு மேல் நீளமான 'ஓபி' என்கிற இடுப்புப் பட்டையை மடித்து, முறுக்கி, முதுகில் பெரிய முடிச்சாகக் கட்டியிருப்பார்கள். ஒன்று பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். ஒன்று குளிரில் உப்பிப்போன சிட்டுக்குருவி மாதிரி இருக்கும். தானாகக் கட்டிக்கொள்வது லேசில்லை. விடிவதற்கு முன்னாலேயே பியூட்டி பார்லரில் போய் உட்கார வேண்டும். ரெடிமேடாகக் கட்டிவைத்த முடிச்சும் விற்கிறார்கள், நம்மில் சிலர் இன்டர்வியூவுக்கு மாட்டிக்கொண்டு போகும் எலாஸ்டிக் டை மாதிரி. கட்டின முடிச்சு நசுங்கக் கூடாதென்று சீட் நுனியில் உட்கார்ந்து அவர்கள் படும் பாடு, ஐயோ பாவம்.

அதெல்லாம் அழகுக்குப் போடுகிற முடிச்சு. அர்த்தத்துக்குப் போடுகிற முடிச்சு வேறே இருக்கிறது. மூன்று மாத டெபுடேஷனில் போயிருந்தபோது, ஒரு கல்யாணக் கவர் வாங்கப் போன இடத்தில் அது எனக்குப் புரிந்தது.

எங்கள் செக்‌ஷன் ஜப்பானியர் ஒருவருக்குக் கல்யாணம். வயது நாற்பத்திரண்டு. இரண்டாவது கல்யாணம். முதல் கல்யாணத்துக்கும் மொய் வைத்த சீனியர்களிடம், "மறுபடியும் செலவு வைக்கிறேன்" என்று தலையைத் தாழ்த்திக்கொண்டே சொன்னாராம். அதனாலேயே ஒரு சின்ன ரெஸ்டாரண்டில் இருபது பேரோடு முடிக்கப் பார்த்தார். அந்த இருபதில் நானும் ஒருத்தன்.

துணைக்கு வந்தவர், பன்னிரண்டு வருஷமாக டோக்கியோவில் குப்பை கொட்டும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. கடையில் ஒரு சுவர் முழுக்கக் கவர். ஒவ்வொரு கவரின் இடுப்பிலும் காகிதக் கயிற்றில் ஒரு முடிச்சு. 'மிஸுஹிகி' என்கிறார்கள். ஜப்பானியக் கைக்காகிதத்தைத் திரித்து, பசை தடவி விறைப்பாக்கிய கயிறு.

"அண்ணாச்சி, அந்தப் பட்டாம்பூச்சி முடிச்சு நல்லா இருக்கே?"

"அதைத் தொட்டுராதீங்க தம்பி! நுனியைப் பிடிச்சு இழுத்தா அவுந்துரும். மறுபடி கட்டிக்கிடலாம். பிள்ளை பொறந்தா அதைக் கொடுக்கலாம், புரமோஷனுக்குக் கொடுக்கலாம். கல்யாணத்துக்குக் கொடுத்தா, 'அடுத்த தடவையும் மறக்காம கூப்பிடு'ன்னு அர்த்தம்!"

கல்யாணத்துக்கு இன்னொரு முடிச்சு. இழுத்தால் அவிழாது, இன்னும் இறுகும். வியாதி குணமானவருக்குக் கொடுப்பதற்கும் அதுதான், திரும்ப வரக் கூடாதல்லவா? சாவு வீட்டுக்கும் அதேதான். ஆக, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முடிச்சு ஒன்றே. கலர் மட்டும் வேறே: அங்கே தங்கம் - வெள்ளி, அல்லது சிவப்பு - வெள்ளை; இங்கே கறுப்பு - வெள்ளை. (இதைக் கல்யாணமான நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.)

எனக்கு ஒரு சந்தேகம். "இவருக்கு இது ரெண்டாவது ஆச்சே. அப்ப எந்த முடிச்சு?"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கடைக்கார அம்மாளிடம் அதை ஜப்பானிய மொழியில் கேட்டார். அறுபது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. சிரிக்கவில்லை. அவிழாத முடிச்சுப் போட்ட கவர் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, மெதுவாக என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்லுது?"

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றிருந்தது. "எத்தனாவது கல்யாணம்னு முடிச்சுக்குத் தெரிய வேண்டாமாம் தம்பி. அவங்களுக்கு இதுதான் கடைசின்னு நினைச்சுக் கொடுக்கச் சொல்லுது."

பதில் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கயிற்றை எண்ணிப் பாருங்கள். சாதாரண விசேஷத்துக்கு ஐந்து இழை. கல்யாணத்துக்குப் பத்து, அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் ஐந்து, இரண்டு கை கோத்த மாதிரி. மேலே வலது மூலையில் 'நோஷி' என்று மடித்த காகிதம், நடுவே மஞ்சளாக ஒரு கீற்று. ஒரு காலத்தில் அது கடல் நத்தையைச் சீவிக் காயவைத்த துண்டாம். இப்போது வெறும் காகிதம்தான் என்று தெரிந்த பிறகே சைவனான எனக்கு மூச்சு வந்தது. உள்ளே வைக்கிற பணத்துக்கும் சட்டமுண்டு. சக ஊழியர் என்றால் வழக்கமாக 30,000 யென். ஒற்றைப்படை, இரண்டாகப் பங்கு போட முடியாது. நம்மூர் மொய்க் கவரில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய்க்கு அண்ணன் முறை! நோட்டு பாங்க்கிலிருந்து வந்த புது நோட்டாக இருக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் புது நோட்டு கூடாது. செத்ததற்குக் காத்திருந்து எடுத்துவைத்த மாதிரி ஆகிவிடுமாம்.

இவ்வளவு முடிச்சும் எங்கிருந்து வருகிறது? ஈடா என்கிற ஊரிலிருந்து. ஷின்ஜுகுவில் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்துக்கு மேல். இரண்டு பக்கமும் பனி மூடிய மலைத்தொடர், நடுவே தென்ரியூ ஆறு, அதன் கரையில் ஊர். நாட்டின் மிஸுஹிகியில் சுமார் 70 சதவிகிதம் இங்கே தயாராகிறது. பிப்ரவரி சனிக்கிழமை ஒன்றில் போய் இறங்கினேன். 1947-ல் ஊரே தீப்பிடித்து எரிந்தது. 1953-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடுத்தெருவில் ஆப்பிள் மரங்கள் நட்டார்கள். நான் போனபோது இலைகூட இல்லை. கடைகளிலோ மிஸுஹிகியால் செய்த கொக்கு, ஆமை, பைன் மரம். நிச்சயதார்த்தச் சீர் வரிசைக்காம்.

ஊரின் பழைய தொழில் இதுவல்ல, குடுமி கட்டுகிற காகிதக் கயிறு. சாமுராய்களின் குடுமி இருந்தவரை அமோக வியாபாரம். 1871-ல் அரசாங்கம், குடுமியை எடுத்துவிடலாம் என்று உத்தரவு போட்டது. ஜனங்கள் கிராப்புக்கு மாறினார்கள். நாட்டுக்கு நாகரிகம், ஈடாவுக்கு வயிற்றிலடி. கயிறு திரிக்கத் தெரிந்த கைகள் பரிசுப் பொருள் கட்டுகிற மிஸுஹிகியை இறுகப் பிடித்துக்கொண்டன. முடி போயிற்று, முடிச்சு மிஞ்சிற்று. ஸுமோ மல்யுத்த வீரர்களின் குடுமிக்கு மட்டும் இன்றைக்கும் இந்த ஊர்க் கயிறுதான் போகிறது.

ஊர் திரும்பிய பிறகு இன்னொரு செலவு காத்திருந்தது. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்கு சாக்லேட் கொடுப்பார்கள். ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே மாதிரி, கடமைக்கு. கனவு காண வேண்டாம். மார்ச் 14 அன்று ஆண்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும், வாங்கினதைவிட ஒசத்தியாக.

நிஹோன்பாஷி மிட்ஸுகோஷிக்குப் போனேன். 1673-ல் கிமோனோ துணிக்கடையாக ஆரம்பித்தது. வெள்ளைத் தாளில் சிவப்புக் கூழாங்கல் மாதிரி திட்டுகள் போட்ட அவர்களுடைய பேக்கிங் தாள், ஓவியர் இனொகுமா 1950-ல் வரைந்தது. அந்தப் பெண் பெட்டியைத் தாளில் கோணலாக வைத்தாள், அப்படியும் இப்படியும் உருட்டினாள், கடைசியில் துளியூண்டு டேப். ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஆபீஸ் பெண்கள் ஐந்து பேருக்கும் ஐந்து பெட்டி. எல்லாவற்றுக்கும் ரிப்பன் முடிச்சு.

"இது இழுத்தா அவுந்துருமே அண்ணாச்சி?"

"அவுரணும் தம்பி. வருஷா வருஷம் வர்ற செலவுல்லா!"