சாயவேரும் ஒரு மொராக்கோ பயணியும்

மொராக்கோ என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பலருக்குக் கலர் கலரான கடைத்தெருக்கள்தான். மராகேஷ் நகரத்தில் சாயக்காரர்களுக்கென்றே ஒரு சந்து இருக்கிறது. தலைக்கு மேலே குறுக்குக் கம்பு கட்டி, சாயத்தில் முக்கிய கம்பளி நூல்களைக் காயப்போட்டிருப்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வானமே தெரியாத அளவுக்குத் தொங்கும். ஃபெஸ் நகரத்தில் சுவாரா என்று ஒரு தோல் பதனிடும் இடம். தேன்கூடு மாதிரி வட்ட வட்டமான தொட்டிகள். மாடியில் நின்று வேடிக்கை பார்க்க வருபவர்களின் கையில் ஒரு கொத்து புதினாவைக் கொடுத்துவிடுவார்கள். எதற்கு என்கிறீர்களா? நாற்றம் தாங்குவதற்கு!

முதுகில் ஒரு பை, கையில் கேமரா, கூட யாரும் கிடையாது. அப்படிப் போகிற பயணிகளுக்கு அந்தக் கடைத்தெருக்கள் சொர்க்கம். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் குங்குமப்பூவைக் காட்டுவார், இன்னொன்றில் மாதுளைத் தோலை, மூன்றாவதில் அவுரிக் கட்டியை. எல்லாம் இயற்கை, எல்லாம் பாட்டன் காலத்து முறை என்பார். கேட்பவருக்கும் நம்பத்தான் ஆசை. ஆனால் அந்தச் சந்தில் தொங்கும் நூல்களில் பெரும்பகுதி இன்று டப்பாவில் வரும் ரசாயனப் பொடியில் தோய்ந்தவை. குங்குமப்பூ விற்கிற விலைக்கு அதில் கம்பளியை முக்கினால் வியாபாரம் என்னாவது?

சரி, மொராக்கோவிலிருந்து இந்தப் பக்கம் வருவோம். உண்மையிலேயே ஒருவர் அப்படி வந்திருக்கிறார்.

1304ல் டாஞ்சியர் நகரத்தில் பிறந்த இபின் பதூதா, 1325 ஜூன் மாதம் ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொல்லி வீட்டை விட்டுக் கிளம்பினார். வயது 21. ஒரு கல்லூரி மாணவனின் வயது. கூட வர நண்பரும் இல்லை, சேர்ந்துகொள்ள ஒரு வணிகக் கூட்டமும் இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். போனவர் சுமார் இருபத்து நாலு வருடம் ஊர் திரும்பவில்லை. டெல்லியில் துக்ளக்கிடம் வேலை பார்த்தார், மாலத்தீவில் நீதிபதியாக இருந்தார். 1344 வாக்கில் இலங்கையில் புத்தளம் பக்கம் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அங்கிருந்து கடலைக் கடக்கும்போது புயலில் சிக்கி, உயிர் பிழைத்துத் தமிழ்நாட்டுக் கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் அவருக்கு உறவுக்காரர். இபின் பதூதா மதுரைக்கு வந்த நேரம் அங்கே கொள்ளைநோய் பரவிக்கிடந்தது. சுல்தானும் சீக்கிரமே இறந்துபோனார்.

அவருக்கு ஐம்பது வருடம் முன்னால் மார்க்கோ போலோ வந்து 'காயல்' துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அரேபியக் கரையிலிருந்து குதிரைகள் வந்து இறங்கும் பெரிய பட்டணம் என்று. அந்தக் காயல் இன்றைய பழையகாயல் என்பது பலரின் கருத்து. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினால் பழையகாயல், முக்காணி, ஆத்தூர் எல்லாம் தாண்டித்தான் சாகுபுரம் வரும். அதை அடுத்துக் காயல்பட்டினம். அதாவது, இன்று உப்பளமும் தொழிற்சாலையுமாகத் தெரிகிற இந்தச் சாலை ஒரு காலத்தில் உலகச் சந்தையின் ஓரத்துத் தெரு.

இந்தக் கரையைப் பற்றி எழுதிய வெளிநாட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் முத்தைத்தான் எழுதினார்கள். அதில் தப்பில்லை, முத்து பளபளக்கிறது. ஆனால் இந்தக் கடலோரத்து மணலில் பளபளக்காத ஒரு பொருளும் இருந்தது. அதன் பெயர் சாயவேர்.

சித்த மருத்துவம் படித்தவர்களுக்கு இம்பூறல் என்றால் தெரியும். அதே செடிதான். தரையை ஒட்டி வளரும், சின்னச் சின்ன வெள்ளைப் பூ பூக்கும். பார்த்தால் களை என்று மிதித்துக்கொண்டு போய்விடுவீர்கள். விஷயம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மெல்லிசான, நீளமான வேர். அந்த வேரின் பட்டையில் சிவப்பு இருக்கிறது. ஆந்திரக் கரையில் தொடங்கி ராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணம் வரை மணற்பாங்கான நிலங்களில் இதைத் தோண்டியெடுத்தார்கள். ஐரோப்பாவே பைத்தியமாக அலைந்த சோழமண்டலக் கரைச் சித்திரத் துணிகளின் சிவப்பு இந்த வேர் கொடுத்ததுதான்.

எப்படிச் சாயம் ஏற்றுவார்கள்? வேரை வேகவைத்துத் துணியை முக்கினால் போதும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பருத்தி ரொம்பப் பிடிவாதக்காரி. கம்பளி மாதிரி, பட்டு மாதிரி நிறத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ள மாட்டாள். அதனால் முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்துக் காயவைக்க வேண்டும். பிறகு எங்கெல்லாம் சிவப்பு வேண்டுமோ அங்கெல்லாம் படிகாரக் கரைசல். அதன் பிறகுதான் சாயவேர்த் தண்ணீரில் கொதிக்கவிடுவது. படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு கெட்டியாகப் பிடிக்கும். மற்ற இடத்தில் ஒட்டிய லேசான நிறம், துவைத்துத் துவைத்து வெயிலில் போட்டால் போய்விடும். வணிகவியல் பாஷையில் சொன்னால் படிகாரம்தான் தரகர். துணிக்கும் நிறத்துக்கும் நடுவில் நின்று பேரத்தை முடித்துவைப்பவர். தரகர் இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பேரம் முறிந்துவிடும்.

தண்ணீரும் முக்கியம். இந்தச் சிவப்பு நன்றாக விழ வேண்டும் என்றால் படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடு கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். ஒரு ஊர்த் தண்ணீரில் கருஞ்சிவப்பாக வருவது இன்னொரு ஊரில் மங்கலாக வரும். இதையெல்லாம் ரசாயனம் படிக்காமலே கைப்பழக்கத்தில் தெரிந்துவைத்திருந்தார்கள் சாயக்காரர்கள். 1742ல் கூர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவர்களிடம் விசாரித்து விசாரித்து, முழு முறையையும் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். இன்றைய பாஷையில் அதற்குத் தொழில் ரகசியம் கசிந்தது என்று பெயர்.

இதுவரை படித்ததும் 'ஆஹா, அந்தக் காலம் எவ்வளவு அழகு' என்று ஒரு பெருமூச்சு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்த வேரைத் தோண்டியது யார்?

1658ல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியர்களிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அதே வருடம் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின. தூத்துக்குடி அவர்களுக்கு முத்துக்கும் சங்குக்கும் மட்டுமல்ல, துணிக் கொள்முதலுக்கும் முக்கியமான இடம். சாயவேர் கம்பெனியின் ஏகபோகம் ஆனது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வேர் தோண்டுவதே கடமை என்று சில சமூகத்தினர் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அந்தச் சமூகத்தின் பெயரிலேயே 'வேர்குத்தி' என்று ஒட்டிக்கொண்டது. தோண்டியதைக் கம்பெனி சொன்ன விலைக்குக் கம்பெனியிடமே கொடுக்க வேண்டும். வெளியே விற்க முடியாது. மாட்டேன் என்றும் சொல்ல முடியாது.

செடியோ சின்னது, வேரோ நூல் மாதிரி. ஒரு கட்டு சேர எத்தனை செடியைத் தோண்ட வேண்டும், எத்தனை நேரம் வெயிலில் குனிந்து கிடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பெண்கள் உடுத்திய பூப்போட்ட கவுனின் சிவப்பில் அந்த முதுகுவலி எங்கேயும் தெரியாது. முத்துக் கதையும் இதேதான். இரண்டாயிரம் வருடம் முன்னால் எழுதப்பட்ட கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்கிறது. அழகான பொருளுக்குப் பின்னால் யாரோ ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அப்புறம் 1868 வந்தது. ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஐரோப்பாவிலும் மொராக்கோவிலும் சிவப்புக்குப் பயன்பட்ட மஞ்சிட்டி வகை வேரில் உள்ள நிறப்பொருளுக்கு அலிசரின் என்று பெயர். சாயவேரில் இருப்பதும் அதுதான். அதை நிலக்கரித் தாரிலிருந்து ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்கிவிட்டார்கள். மறுவருடம் ஜூன் மாதம் ஜெர்மன்காரர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மறுநாளே இங்கிலாந்தில் பெர்கின் விண்ணப்பித்தார். ஒரே ஒரு நாள் வித்தியாசம்! பிரான்சின் தெற்கே மஞ்சிட்டி விளைந்த வயல்கள் சில வருடங்களில் காலியாயின. 1897ல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரியையும் சாய்த்தது.

பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இதற்கு 'பதிலிப் பொருள்' என்று பெயர். காபி விலை ஏறினால் டீ குடிப்பார்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் இங்கே டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. தோண்டுகிறவர், கடுக்காய் இடிக்கிறவர், எந்தக் கிணற்றுத் தண்ணீர் சிவப்புக்கு நல்லது என்று நாக்கில் வைத்தே சொல்கிற கிழவர், அத்தனை பேரும் ஒரு தலைமுறைக்குள் தேவையில்லாதவர்கள் ஆனார்கள். வேர்குத்திகளுக்கு அது ஒருவகையில் விடுதலைதான். சாயக்காரருக்கு அது கைத்தொழில் போனது. ஒரே மாற்றம், ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு பக்கமும் உண்டு என்பதை மறந்துவிட்டுப் பேசினால்தான் 'அந்தக் காலம் பொற்காலம்' என்றோ 'விஞ்ஞானம் வாழ்க' என்றோ ஒரே வரியில் முடிக்க முடியும்.

ரசாயனச் சாயத்தின் பற்று வரவும் இப்போது தெரிந்துவிட்டது. சில அசோ சாயங்களிலிருந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் வெளியாகக்கூடும் என்று 1990களில் ஜெர்மனி தடை போட்டது, இந்தியாவும் தடை செய்தது. திருப்பூரில் நொய்யல் ஆறு நிறம் மாறி ஓடியது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயிக்கு நீதி கிடைத்த அதே நாளில், பட்டறையில் தினக்கூலி வாங்கியவர் வேலையில்லாமல் நின்றார். வேர் தோண்டியவருக்கும் சாயக்காரருக்கும் நடந்த அதே கணக்கு, இந்தத் தடவை தலைகீழாக.

இனி சாகுபுரம். சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரால் அமைந்த ஊர். 1950களின் கடைசியில் அங்கே வந்த தாரங்கதாரா கெமிக்கல் தொழிற்சாலை, பக்கத்து உப்பளங்களின் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா தயாரிக்கிறது. கடற்கரை மணலில் கிடைக்கும் கறுப்பான இல்மனைட்டையும் அங்கே சுத்திகரிக்கிறார்கள். அதில் உள்ள இரும்பைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது பெயிண்ட்டுக்கு வெள்ளை நிறம் தருகிற டைட்டானியப் பொருளுக்கு மூலச்சரக்கு. பிரிந்த இரும்பு? அதுவும் வீணாகவில்லை. அதிலிருந்து இரும்பு ஆக்சைடு நிறப்பொடி செய்கிறார்கள். செலவுக் கணக்கியலில் 'துணை விளைபொருள்' என்று ஒரு அத்தியாயம் வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது. தரையில் பதிக்கிற கலர் சிமெண்ட் கல்லுக்கும் பெயிண்ட்டுக்கும் போகும் பொடி அது.

வேடிக்கையைப் பாருங்கள். மன்னார் வளைகுடா மணலில் குனிந்து சிவப்பைத் தேடிய காலம் போய்விட்டது. ஆனால் இந்தக் கடற்கரை இன்னும் நிறம் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு மணலுக்குள் இருந்த வேர். இன்றைக்கு மணலே!

இப்போது நகரத்துக் கடைகளில் இயற்கைச் சாயம் என்று சீட்டு ஒட்டிய சேலைகளும் துப்பட்டாக்களும் மறுபடி வந்திருக்கின்றன. விலையும் அதற்கேற்றபடி இருக்கிறது. வாங்குவது நல்லதுதான். கைத்தொழில் தெரிந்த யாரோ ஒருவருக்கு அது சோறு போடும். ஆனால் இயற்கை என்ற ஒரு வார்த்தை எல்லாக் கேள்விக்கும் பதில் ஆகிவிடாது. மராகேஷ் சந்தில் நிற்கிற பயணி 'இது அசல் குங்குமப்பூவா?' என்று மட்டும்தான் கேட்கிறார். ஃபெஸ் நகரத்தில் புதினாவை மூக்கில் வைத்துக்கொண்டு கீழே பார்க்கிறவருக்குத் தொட்டியின் நிறம் தெரிகிறது. அதற்குள் முழங்கால் வரை இறங்கி நிற்கும் மனிதரின் கையில் மட்டும் புதினா கிடையாது.

அதனால் அடுத்த முறை ஒரு நல்ல சிவப்புத் துணியைக் கையில் எடுத்தால், சாயம் போகுமா என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இந்தத் தொட்டியில் இறங்கி நின்றவருக்கு நாள் கூலி எவ்வளவு, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போனது என்றும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பரவாயில்லை. அடிக்கடி கேட்டால் தெரிந்துவைத்துக்கொள்வார். வாடிக்கையாளர் கேட்கும் சரக்கைத் தேடிப் பிடித்து வைப்பதுதானே வியாபாரம்!